ஊதா உண்ணிச் சரிவு

வெயில் இறங்கினதும் தண்டவாளத் துண்டில் இரும்பால் தட்டுவார்கள். அது கை பார்க்கிற மணி.

நானும் பாஷா பாயும் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்தோம். வலது கைக் கையுறையைக் கழற்றப் போனேன். வரவில்லை. உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது.

"இரு. இழுக்காத" என்றார் பாஷா பாய்.

கையுறையோடு என் கையைப் பிடித்துத் தொட்டிக்குள் அமுக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மணிக்கட்டு ஓரமாகத் தண்ணீர் சிவந்து வந்தது. எனக்கு வலிக்கவில்லை. வலித்திருந்தால் காலையிலேயே கழற்றியிருப்பேன்.

என் கை இரண்டும் மரத்துப்போனவை. தொழுநோய் வந்து போன கை. நோய் மாத்திரையில் நின்றுவிட்டது. உணர்ச்சி திரும்பி வரவில்லை. மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தின கதையைப் போன வாரம் இதே பக்கத்தில் சொன்னேன். நிமிர்ந்த விரலால் பிடிக்கலாம், தூக்கலாம், வெட்டலாம். சுடுகிறதா, குத்துகிறதா என்று அது சொல்லாது. அதனால் நான் இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியில் எங்களை இரண்டு இரண்டு பேராக ஜோடி சேர்த்திருந்தார்கள். சாயங்காலம் ஒருவர் கையை ஒருவர் பார்க்க வேண்டும். காயம் இருந்தால் சொல்லிவிட வேண்டும். என் ஜோடி பாஷா பாய்.

கையுறை கழன்று வந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், சதை மடிகிற இடத்தில், புளியங்கொட்டை அளவு பள்ளம்.

அன்றைக்கு என் கையில் காயம் இருக்கக் கூடாது. இருந்தால் தோட்டக்கார வேலை எனக்குக் கிடைக்காது. வேலை இல்லை என்றால் அதோடு தருகிற வீடு இல்லை. வீடு இல்லை என்றால் சரோஜா வரமாட்டாள். சரோஜா என் மனைவி.

"பாய், சொல்லாத" என்றேன்.

அவர் என் கையை விடவில்லை.

இரும்புக் கை

நோய் தெரிவதற்கு முன்னால் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் இருந்தேன். தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கம் ஷாப் என்றுதான் சொல்வோம். எனக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் முடி இளகும். பிறகு குழியிலிருந்து இழுத்து வெளியே போட வேண்டும். கொக்கி உண்டு. அவசரத்துக்குக் கையால்தான் இழுப்போம்.

சுண்ணாம்பு விரல் நுனியை அரிக்கும். குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை ஓட்டையாக விழும். அந்தக் கையால் சோறு பிசைந்தால் குழம்புக் காரம் உள்ளே இறங்கும். குழி ஆட்கள் பலபேர் கரண்டியால் சாப்பிட்டார்கள். நான் கையால் பிசைந்து சாப்பிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மேஸ்திரி என்னைக் காட்டிப் பேசுவார். "ஏழுமலையப் பாருங்கடா. அது கையி இல்ல, இரும்பு."

எனக்கு அது பிடித்திருந்தது. மற்றவர்கள் தயங்கின குழியில் நான் இறங்கினேன். கையில் வலு ஏறிவிட்டது என்று நினைத்தேன். என் அம்மாவும் அப்படித்தான் அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

ஒரு நாள் டீ வந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கின அலுமினியத் தூக்கு. அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவன் மூக்கைச் சுளித்தான். "இன்னாடா, தோலு கருகுற வாசனை" என்று குழிப் பக்கம் பார்த்தான். கருகினது என் உள்ளங்கை.

பிறகு ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனார்கள். அவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். கோழி இறகால் கையில் தொடுகிறேன், எந்த இடத்தில் என்று சொல் என்றார். நான் காத்திருந்தேன். இன்னும் தொடவில்லையே சார் என்றேன். அவர் அதற்குள் பல இடத்தில் தொட்டு முடித்திருந்தார்.

ஷாப்பில் வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னார்கள். திட்டவில்லை. என் சாப்பாட்டுத் தட்டை மட்டும் தனியாக எடுத்து வெளியே வைத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சரோஜாவை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினது என் அம்மா. கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவள் ஊர் குடியாத்தம் பக்கம். அங்கே லுங்கித் தறிக்காரர் வீட்டில் நூல் சுற்றுகிற வேலைக்குப் போனாள்.

நான் வேலூருக்கு வெளியே மலையடியில் இருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு சரோஜா ஒரு தடவை பார்க்க வந்தாள். பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள். போகும்போது சொன்னாள்.

"உங்கம்மா வீட்டுக்கு நான் வரமாட்டேன். எங்கம்மா வீட்டுல உன்னை வெச்சுக்க மாட்டாங்க. உனக்குன்னு ஒரு வீடு இருந்தா சொல்லி அனுப்பு. வர்றேன்."

அதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. சரி என்றேன்.

ஏலகிரியிலிருந்து வந்த செடி

தோட்டம் என்றால் என்ன தோட்டம், காய்கறியா என்று திருப்பத்தூரிலிருந்து ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். காய்கறி இல்லை. பூ.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து சீட்டு வாங்குகிற கட்டடம் வரை ஒரு செம்மண் சரிவு இருந்தது. மழை பெய்தால் மண் கரைந்து கீழே வரும். நோயாளிகள் அந்தச் சேற்றில் நடந்து வருவார்கள். புண் இருக்கிற காலோடு சேற்றில் நடப்பது கெடுதல். அந்தச் சரிவைப் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும் என்று தேவசகாயம் சார் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பயிற்சிக் கொட்டகையும் தோட்டமும் அவர் பொறுப்பில் இருந்தன.

புல் வைத்தார்கள். கோடையில் செத்தது. காகிதப்பூ வைக்கலாம் என்றார்கள். முள். எங்கள் ஆஸ்பத்திரியில் முள்செடிக்கு இடமில்லை. ரோஜாகூடக் கிடையாது. முள் ஏறினது தெரியாமல் ஒருவன் நாள் முழுக்க மண்வெட்டி பிடிப்பான். அப்புறம் விரல் போகும்.

சார் ஒரு தடவை ஏலகிரிக்குப் போனார். அங்கே ஒரு பங்களா வாசலில் பாறை மேலிருந்து போர்வை மாதிரி ஒரு செடி தொங்குவதைப் பார்த்திருக்கிறார். முழங்கால் உயரம்கூட இல்லை. பக்கவாட்டில்தான் போகிறது. மேலெல்லாம் ஊதாப் பூ. தண்டைத் தடவிப் பார்த்தாராம். முள் இல்லை. கேட்டு வாங்கின குச்சிகளை ஈரக் கோணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

கோணியைப் பிரித்ததும் நான் இலையைக் கசக்கி மோந்தேன். தெரிந்த வாசனை.

பாஷா பாயும் மோந்தார். "சார், இது உண்ணிச்செடி. எங்க வாணியம்பாடில குப்பமேட்டுல இருக்குது. ஆடுகூட வாய் வெக்காது. இத்தப் போயி பஸ் ஏத்திக் கூட்டினு வந்தீங்களா?"

அது வேறு, இது வேறு என்றார் சார். காட்டு உண்ணி ஆள் உயரம் போகும், முள் இருக்கும், பூ மஞ்சளும் சிவப்புமாக வரும். இது அதற்குத் தங்கச்சி முறை, தரையோடு படரும் என்றார்.

"தங்கச்சியோ அக்காவோ, ஆடு திங்காதது நமக்கு லாபம்தான்" என்றார் பாய்.

அன்றிலிருந்து அதை ஊதா உண்ணி என்று கூப்பிட்டோம்.

பாஷா பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாணியம்பாடியில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவராக இருந்தார். என்னைவிடப் பெரியவர். இரண்டு கையிலும் விரல்கள் பாதிக்குமேல் குட்டையாகிவிட்டன. ஊசியைக் குறட்டில் பிடித்துத் தைப்பார். ஆஸ்பத்திரியில் எல்லோருடைய செருப்பு வாரும் அவர் தைத்ததுதான். பேச்சு ஜாஸ்தி. என்னுடைய பேச்சையும் சேர்த்து அவரே பேசுவார். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

உதட்டில் மண்

குச்சியைச் சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, மணலில் ஊன்றினோம். நிழலில் வைத்தோம். முக்கால்வாசி துளிர்த்தது. மழைக்கு முன்னால் எடுத்து, ஒரு முழ இடைவெளி விட்டுச் சரிவில் நட்டோம்.

முதல் வருஷம் பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். பெரிய சிவப்புச் சரிவில் அங்கங்கே பச்சைப் பொட்டு. நான் சாண எருவை அள்ளி அள்ளிப் போட்டேன். இலை கொழுத்தது. பூ வரவே இல்லை. போட்டது ஜாஸ்தி என்று பிறகு தெரிந்தது. அந்தச் செடிக்குப் பசி கொஞ்சம் இருக்க வேண்டும். எருவை நிறுத்தின பிறகுதான் மொட்டு கட்டினது.

தண்ணீரும் அப்படித்தான். தினம் ஊற்றினால் இலை கறுத்து உதிரும். மண் காய்ந்து, இலை லேசாகத் தொய்யும்போது ஊற்றினால் போதும். ஆனால் மேலே காய்ந்த மண் உள்ளே ஈரமாக இருக்கும். தோட்டக்காரன் என்றால் விரலை விட்டுப் பார்ப்பான். என் விரலுக்கு ஈரமும் தெரியாது, காய்ந்ததும் தெரியாது.

நான் மண்ணைக் கிள்ளி உதட்டில் வைத்துப் பார்த்தேன். உதட்டுக்கு உணர்ச்சி இருந்தது. குளிர்ந்தால் ஈரம். ஒட்டாமல் உதிர்ந்தால் ஊற்ற வேண்டும். அதையே பழக்கமாக வைத்துக்கொண்டேன்.

"ஏழுமலைக்கு ஆஸ்பத்திரிச் சோறு பத்தல. சரிவத் தின்னுனு இருக்கான்" என்று பாய் வார்டு முழுக்கச் சொல்லிவைத்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு ஆள் அதை நம்பி எனக்குத் தன் ரொட்டியைக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

அங்கே கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். ஆம்பூரில் ஷாப் தண்ணீர் போகிற கால்வாய் ஓரம் எருக்குகூட வெளுத்துத்தான் நிற்கும். அங்கே வைத்திருந்தால் இந்தச் செடி ஒரு மாதம் தாங்கியிருக்காது.

இரண்டாவது வருஷம் படர்ந்தது. கொடி மண்ணைத் தொட்ட இடத்தில் எல்லாம் தானாக வேர் விட்டது. நாங்கள் நடாத இடத்திலும் போனது. மழையில் மண் கரையவில்லை. காலையில் வெயில் பட்டதும் சரிவு முழுக்க ஊதாவாக இருக்கும். சின்னச் சின்னப் பூ, கொத்துக் கொத்தாக, நடுவில் வெள்ளை. வண்ணத்துப்பூச்சி வந்தது. சீட்டு வாங்க வருகிறவர்கள் கொஞ்சம் நின்று பார்ப்பார்கள். சிலர் பறித்துத் தலையில் வைத்துப் பார்ப்பார்கள். மல்லிகை மாதிரி வாசனை இல்லை என்று போட்டுவிடுவார்கள்.

வெட்டு

மூன்றாவது வருஷம் கொடியை விலக்கிப் பார்த்தேன். மேலே பச்சை. உள்ளே இலையே இல்லாமல் காய்ந்த குச்சி. கூடு மாதிரி. அப்படியே விட்டால் நடுவில் வழுக்கை விழும். பாம்பும் தங்கும்.

வெட்ட வேண்டும். பயந்து பயந்து நுனியைக் கிள்ளினால் பலனில்லை. ஆடி கழிந்து மழை இறங்குவதற்கு முன்னால், தரைக்கு ஒரு சாண் விட்டு, முழுச் சரிவையும் மொட்டையடிக்க வேண்டும். பிறகு மழை விழுந்தால் அடியிலிருந்து புதுசாகக் கிளம்பும்.

உள் தண்டு விரல் கனம் இருக்கும். வைரம் பாய்ந்த கட்டை. நீளப்பிடி வைத்த பெரிய கத்தரியால் இரண்டு கையாலும் அழுத்தி வெட்ட வேண்டும். நல்ல கை உள்ளவனுக்கே அரை நாளில் கொப்புளம் வரும். அவனுக்கு வலிக்கும், நிறுத்துவான். நாங்கள் நிறுத்தமாட்டோம். அதுதான் தொந்தரவு.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துக்கு நிரந்தரமாக ஒரு ஆள் எடுக்க ஆஸ்பத்திரிக் கமிட்டி முடிவு செய்தது. பின்பக்கம் ஓட்டு வீடு ஒன்று சேர்த்துத் தருவார்கள். தேவசகாயம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"உன் பேரச் சொல்லலாம்னு இருக்கேன் ஏழுமலை. கமிட்டில ஒரு கேள்விதான் கேப்பாங்க. இந்த வேலைய செஞ்சா இவன் கை தாங்குமான்னு. வெட்டு முடியிற வரைக்கும் கைல காயம் இல்லாம இரு. அப்ப நான் தைரியமா பதில் சொல்லுவேன்."

அவர் கேட்டது நியாயம். வெட்டு முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, வேலையும் வீடும் கிடைக்கப் போகிறது, வா என்று சரோஜாவுக்குக் கார்டு போட்டுவிட்டேன்.

கையுறை

ஆஸ்பத்திரியில் கெட்டித் துணிக் கையுறை தந்தார்கள். அது ஒரு நாளில் கிழிந்துவிடும். எனக்கும் பாய்க்கும் தோல் மேல்தான் நம்பிக்கை. இரண்டு பேரும் தோலில் பிழைத்தவர்கள். என்னோடு குழியில் வேலை செய்த பழைய ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் பதனிட்ட ஆட்டுத்தோல் துண்டு இரண்டு அனுப்பினான். வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருந்தது என்று பாய் சொன்னார். அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சொன்னார்.

பாய் என் கையைக் காகிதத்தில் வரைந்து, வெட்டி, மெழுகு நூலில் தைத்தார். குறட்டில் ஊசி பிடித்து ஒரு வாரம் தைத்தார். தைத்து முடித்ததும் வார்டே வந்து பார்த்தது. தையல் ஒரே சீராக ஓடியது. எங்கேயும் ஒரு நூல் நுனி வெளியே தெரியவில்லை.

"முடிச்சு எங்க பாய்?" என்று கேட்டேன்.

"முடிச்சு வெளிய தெரிஞ்சா அவன் தையக்காரனா? எல்லாம் உள்ள போட்டுருக்கேன்."

தொழில் அப்படி. ஷூவில் முடிச்சு உள்பக்கம் போகும். அதற்கு மேல் உள்தோல் ஒட்டுவார்கள். கையுறைக்கு உள்தோல் இல்லை. அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தேவசகாயம் சார் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையில்கூட இப்படிக் கிடைக்காது என்று பாயிடம் சொன்னார்.

செருப்பைப் போடுவதற்கு முன்னால் உதறிப் போட வேண்டும் என்பது எங்களுக்கு விதி. கல், ஆணி ஏதாவது இருந்தால் விழும். நான் கையுறையையும் உதறித்தான் போட்டேன். முடிச்சு உதறினால் விழாது.

காலையிலிருந்து வெட்டினேன். வாசல் பக்கமிருந்து ஆரம்பித்துச் சரிவில் பாதி வந்துவிட்டேன். மத்தியானம் பாய் கத்தரிப் பிடியைப் பார்த்தார், கையுறையின் வெளிப்பக்கத்தைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. இரண்டு பேரும் திருப்தியாக இருந்தோம்.

பிறகு அந்த மணி அடித்தது.

தொட்டி ஓரம்

பாய் கையுறையை வெளிச்சத்தில் பிடித்து, உள்பக்கத்தைப் பல்லால் கடித்து வெளியே திருப்பினார். கட்டைவிரல் பிரிகிற இடத்துத் தையலில் முடிச்சு இருந்தது. மெழுகு காய்ந்து மிளகு மாதிரி இறுகியிருந்தது. அதைச் சுற்றித் தோல் கறுத்திருந்தது.

ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

மறுபடியும் நான்தான் பேசினேன். "இன்னும் பாதிதான். நாளைக்குத் துணி சுத்தினு வெட்டிடறேன். அப்புறம் சொல்லு."

"வெரலு பூடும்."

"போவட்டும்."

"அரே, போவட்டும்னு சொல்றான் பாரு." தன் இரண்டு கையையும் என் முகத்துக்கு நேராக நீட்டினார். "இதெல்லாம் எப்புடிப் போச்சுன்னு நெனச்ச? ஒவ்வொண்ணும் நாளைக்குச் சொல்லிக்கலாம்னு போனதுதான்."

"சரோஜாவுக்குக் கார்டு போட்டுட்டேன் பாய்."

அவர் எழுந்து கொட்டகைப் பக்கம் போனார். கையுறையை எடுத்துக்கொண்டு போனார். காயம் என்று சாரிடம் சொன்னதோடு நிற்கவில்லை. என் முடிச்சுதான் சார் என்று அதையும் சொல்லியிருக்கிறார்.

சார் வந்தார். காயத்தைக் கழுவினார். எலும்பு தெரியவில்லை, பிழைத்தாய் என்றார். கை அசையாமல் இருக்க மணிக்கட்டுவரை மாவுக்கட்டு போட்டார்கள். கத்தரியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். வெட்டுக்கு வெளியூர் ஆள் பார்க்கச் சொல்லியிருப்பதாக சார் சொன்னார். நல்லவனாக இருந்தால் அவனையே வேலைக்கும் வைத்துக்கொள்வார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மழை வந்தால் நிற்காது, வெட்ட வேண்டும், அவர் என்ன செய்வார்.

பாயோடு இரண்டு நாள் நான் பேசவில்லை. நான் எப்போதும் பேசுகிறவன் இல்லை என்பதால் அவருக்கு அது உடனே தெரிந்திருக்காது. மூன்றாம் நாள் சாயங்காலம் மணி அடித்தது. போய் அவர் கையைப் பார்த்தேன். காயம் இல்லை. இல்லை என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை

சரோஜாவுக்கு இன்னொரு கார்டு போட நாள் போதவில்லை. சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினாள். தலையில் தகரப்பெட்டி. பின்னால் அவள் அண்ணன் கோவிந்தன், கையில் சோறு போட்டு மூடின ஒரு அலுமினியக் குண்டான். கோவிந்தன் வாசலுக்கு உள்ளே வரவில்லை. குண்டானைப் பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டான்.

அவள் என் கையைப் பார்த்தாள். "இன்னா இது?"

சொன்னேன். சொல்ல அதிகம் இல்லை. கையுறை, காயம், வேலை இல்லை, வீடு இல்லை.

அவள் பெட்டிமேல் உட்கார்ந்தாள். கோவிந்தனுக்கும் கேட்டிருக்கிறது. வெளியிலிருந்தே சொன்னான்.

"குவாட்டர்ஸ்னு எழுதியிருந்தியே மாப்ள. நான் ஊர்ல சொல்லிட்டு வந்துட்டேன். சரி, ஆனது ஆயிப்போச்சு. சரோஜா, கடைசி பஸ் அஞ்சரைக்கு. அதுவரைக்கும் பேசினு இரு."

அவள் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் பக்கப் பாதி மொட்டையாக இருந்தது. மேல்பாதி பூவோடு இருந்தது.

"ஏன் பாதில நிக்குது?"

"நான் வெட்டுனது அவ்ளோதான்."

"மிச்சம்?"

"வெளியாள் வந்து வெட்டுவான்."

"எப்ப?"

"மழைக்கு முன்ன."

அவள் வானத்தைப் பார்த்தாள். "கத்திரி எங்க இருக்குது?" என்றாள்.

பாஷா பாய்தான் கொண்டுவந்தார். யாரைக் கேட்டு எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. கூடவே கையுறையையும் கொண்டுவந்தார். வலது கையின் முடிச்சை அறுத்து, வெளிப்பக்கம் மாற்றித் தைத்திருந்தார். சரோஜா அதை முதலில் போட்டாள். பிறகு இடது கையை விட்டாள். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தாள்.

"உள்ள இன்னாவோ குத்துது."

பாய் வாங்கிப் பார்த்தார். இடது கையிலும், பிடி அழுந்தாத புறங்கைப் பக்கம், ஒரு முடிச்சு இருந்தது. அதை அவர் கவனிக்காமல் விட்டிருந்தார்.

"யா அல்லா" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு, அங்கேயே பல்லால் கடித்து அதை எடுத்தார். சரோஜா சிரித்தாள். பாயும் சிரித்தார். அவர் சிரித்து நாலைந்து நாள் ஆகியிருந்தது.

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். முதல் நாலு வெட்டு கோணலாகப் போனது. தரைக்கு ஒரு சாண் விடு என்றேன். எங்கே வெட்டினால் துளிர்க்கும், எது செத்த கட்டை என்று காட்டினேன். கொஞ்ச நேரத்தில் காட்டத் தேவைப்படவில்லை. நாள் முழுக்க ராட்டையில் உட்கார்ந்து பழகின உடம்பு. நிதானமாக, நிற்காமல் போனாள். கை வலித்தால் நிறுத்தினாள். கையை உதறிக்கொண்டாள். மறுபடியும் வெட்டினாள்.

வெட்டின கொடியை நான் இடது கையால் இழுத்து ஓரமாகப் போட்டேன். பாய் அள்ளி வண்டியில் ஏற்றினார்.

தேவசகாயம் சார் கோயில் முடிந்து வந்தார். வேட்டியும் கையில் பைபிளுமாக நின்றார்.

"யாரும்மா நீ?"

"இவரு சம்சாரம்."

"யாரு உன்னை வெட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல. தோட்டத்துக்கு ஆள் வேணும்னு சொன்னாங்க. வீடு குடுப்பீங்களாம். எனக்கு வீடு வேணும்."

சார் என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைத்திருக்கலாம். எனக்கே அது அப்போதுதான் காதில் விழுந்தது.

"கமிட்டி ஆம்பள ஆளத்தான் பாக்கறாங்க" என்றார்.

"கை நல்லா இருக்கணும்னு கேட்டாங்களாம். ஆம்பளன்னும் கேட்டாங்களா?"

அவள் கையுறையைக் கழற்றி இரண்டு கையையும் காட்டினாள். உள்ளங்கை சிவந்திருந்தது.

சார் பைபிளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சரிவில் கொஞ்ச தூரம் நடந்தார். வெட்டின அடித்தண்டுகளைக் குனிந்து பார்த்தார். திரும்பி வந்தார்.

"கமிட்டி இன்னா சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. கேக்கறேன். அது வரைக்கும் வீட்டுச் சாவி தர முடியாது. இல்லன்னு சொல்லிட்டா நீ என்னைக் கேக்கக் கூடாது."

"சரி சார்" என்றாள்.

பிற்பாடு கமிட்டி கூடினது. வேலை அவள் பேரில்தான் ஆனது. கிட்டத்தட்ட எண்பதுகளின் கடைசி வரை அவள் அந்தத் தோட்டத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு வருஷமும் ஆடி கழிந்தால் சரிவை வெட்டினாள். நான் செருப்புக் கொட்டகையில் பாயோடு வேலை செய்தேன். புதிதாக வருகிறவர்கள் என்னைத் தோட்டக்காரம்மா வீட்டுக்காரர் என்றுதான் சொன்னார்கள். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எங்களுக்கு அது எதுவும் தெரியாது.

சரிவில் இன்னும் ஒரு கோரைப்பாய் விரிக்கிற அளவு மிச்சம் இருந்தது. ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. கோவிந்தன் முதல் தடவையாக வாசலுக்கு உள்ளே ஒரு கால் எடுத்து வைத்தான்.

"சரோஜா, வண்டி வந்துருச்சி. வா. பொட்டியத் தூக்கு."

அவள் நிமிரவில்லை.

"உள்ள வந்து குண்டான் தட்டத் தெறந்து சோத்தச் சாப்ட்டுட்டுப் போண்ணா. நீ காலைலேந்து ஒண்ணும் சாப்பிடல."

"நீ?"

"எனக்கு இங்க வேலை இருக்குது."

கோவிந்தன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து அடுத்த கொடியை இழுத்தேன். பஸ் நின்றது. கிளம்பினது. அவன் கடைசி நிமிஷத்தில் ஓடி ஏறினான். சோறு சாப்பிடவில்லை.

நாங்கள் மூன்று பேரும் அதைச் சாப்பிட்டோம்.